உடம்பு தடிக்கிறது: மீனை விலக்கினால் போதுமா?

காரைதீவிலும், அதற்கு அயலிலுள்ள மாளிகைக்காடு, சாய்ந்தமருது, நிந்தவூர், கல்முனை ஆகிய ஊர்களிலும் ஒருவருக்கு உடம்பில் தடிப்பு எழும்பினால் வீட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: “என்ன சாப்பிட்டாய்?” நண்டு, இறால், கணவாய், சூரை, கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி என்று ஒரு பட்டியல் எமது அம்மம்மாமாரிடமும் உம்மம்மாமாரிடமும் உண்டு. இவை “கிரந்தி”யான சாப்பாடு. தோலில் புண், சொறி உள்ளவர்களுக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் ஆகாதவை என்று சொல்லப்படுபவை.

இந்தப் பட்டியலை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. இறாலும் நண்டும் உண்மையாகவே பலருக்கு ஒவ்வாமையை ஏற்படுத்துபவை. சூரை மீன் பழுதானால் என்ன செய்யும் என்பதைக் கீழே பார்க்கப் போகிறோம். எமது முன்னோர் கண்ணால் கண்டதையே சொல்லி வைத்தார்கள். ஆனால், ஒரு சிலருக்கு ஆகாததை எல்லோருக்கும் ஆகாது என்று விதியாக்கும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது.

1990ஆம் ஆண்டு வன்செயல்களாலும், 2004 டிசெம்பர் 26இல் வந்த சுனாமியாலும், 2024 நவம்பர் வெள்ளத்தாலும் வீடு வாசலை விட்டு எழும்பிய குடும்பங்கள் எமது கரையோரத்தில் ஏராளம். வயலை இழந்தவர்கள், வயல் இருந்தும் அங்கு போக முடியாதவர்கள், கூலி வேலைக்கு மாறியவர்கள் எனப் பலர். இத்தகைய குடும்பத்தில் சோற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரேயொரு சத்துணவு மீனாகவோ முட்டையாகவோதான் இருக்கும். பிள்ளையின் முதுகில் இரண்டு தடிப்பைக் கண்டவுடன் மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி மாதக்கணக்கில் பத்தியம் வைத்தால் தடிப்பு போகிறதோ இல்லையோ, பிள்ளை மெலியும். பாலூட்டும் தாய்க்கும் இதுவே கதி.

மறுபக்கத்தில், உண்மையாகவே ஆபத்தான ஒவ்வாமை வரும்போது “கிரந்திதானே, வேப்பிலை தடவினால் போய்விடும்” என்று வீட்டில் வைத்திருந்து உயிரை இழக்கும் அபாயமும் இருக்கிறது. எனவே எதை விலக்க வேண்டும், எதை விலக்கத் தேவையில்லை, எப்போது வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்ற மூன்றையும் நாம் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

தடிப்பு என்பது என்ன?

எமது தோலின் கீழே மாஸ்ற் கலங்கள் எனப்படும் நுண்ணிய கலங்கள் இருக்கின்றன. இவற்றைக் காவற்காரர்கள் என்று சொல்லலாம். இவற்றுக்குள் ஹிஸ்ரமின் என்ற இரசாயனப் பொருள் நிரம்பியிருக்கிறது. எதிரி வந்துவிட்டான் என்று இந்தக் காவற்காரர்கள் எண்ணினால், அந்த ஹிஸ்ரமினை வெளியே கொட்டிவிடுவார்கள். உடனே அவ்விடத்து நுண் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, நீர் கசிகிறது, தோல் சிவந்து, வீங்கி, கடிக்கத் தொடங்குகிறது. இதுவே தடிப்பு. சிலர் இதனைக் காணாக்கடி என்பர். இதே கசிவு தோலின் ஆழத்தில் நடந்தால் கண்ணிமையும் உதடும் வீங்கும்.

சில வேளைகளில் காவற்காரர்கள் ஆளை மாறி எண்ணிவிடுகிறார்கள். தீங்கற்ற இறாலையோ ஒரு குளிசையையோ எதிரியாகக் கருதி வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த மாறான எதிர்வினைக்கு 1906ஆம் ஆண்டு ஒஸ்திரிய வைத்தியர் கிளெமன்ஸ் வொன் பிர்க்கே “அலர்ஜி” என்று பெயரிட்டார். நாம் ஒவ்வாமை என்கிறோம்.

உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது தடிப்பு வருகிறது. அது எப்போதும் உணவினால் வருவதல்ல. குறிப்பாகச் சிறு பிள்ளைகளுக்குத் தடிமன், காய்ச்சல் போன்ற வைரசுக் கிருமித் தொற்றோடு தடிப்பு வருவது மிகச் சாதாரணம். அது சில நாட்களில், கூடினால் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். குளிர், வெயில், வியர்வை, இறுக்கமான உடுப்பு ஆகியவையும் சிலருக்குத் தடிப்பைக் கொண்டுவரும்.

ஆறு வாரங்களுக்கு மேலாக அடிக்கடி தடிப்பு வந்துகொண்டிருந்தால் அது நாட்பட்ட தடிப்பு. இதில் பெரும்பாலானோருக்கு வெளியிலிருந்து வரும் காரணம் எதுவும் கண்டுபிடிக்கப்படுவதில்லை. உடம்பே தனக்கெதிராகத் தூண்டப்படுவதால் பலருக்கு இது வருகிறது. இவர்கள் ஒவ்வொரு உணவாக விலக்கிக்கொண்டே போவதால் பயனில்லை. மருந்தினால் அடக்கி வைத்திருந்தால், பலருக்குச் சில ஆண்டுகளுக்குள் தானாகவே நின்றுவிடும்.

தடிப்பா, சொறியா?

கடிக்கும் தோல் எல்லாம் ஒவ்வாமை அல்ல. இடம்பெயர்ந்து பாடசாலைக் கட்டடங்களிலும் உறவினர் வீடுகளிலும் நெருங்கிப் படுத்துறங்கும் காலத்தில் பரவுவது பெரும்பாலும் சொறி. இது கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணி தோலுக்குள் துளையிட்டு வாழ்வதால் வருவது. உணவுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல.

தடிப்பு இடம் மாறும். இப்போது கையில் இருப்பது சில மணி நேரத்தில் மறைந்து முதுகில் வரும். ஒரு தடிப்பு ஒரே இடத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் நிற்பது அரிது. மறைந்த இடத்தில் அடையாளமும் இராது. பேனையால் ஒரு தடிப்பைச் சுற்றிக் கோடு போட்டு மறுநாள் பார்த்தால் தெரிந்துவிடும்.

சொறி இடம் மாறாது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பு, பிட்டம் ஆகிய இடங்களில் சிறு பருக்களாக நிற்கும். இரவில் கடி கூடும். வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களுக்கும் வரும். உண்ணி முதன்முறை தொற்றி நான்கு முதல் ஆறு வாரங்களுக்குப் பிறகே கடி தொடங்குவதால், யாரிடமிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சொறிக்கு வைத்தியசாலையில் பூசுமருந்து தருவார்கள். கடி உள்ளவர் மட்டும் பூசினால் போதாது. வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். உடுப்பு, படுக்கை விரிப்பு, துவாய் ஆகியவற்றைச் சுடுநீரில் தோய்த்து வெயிலில் காயவிட வேண்டும். மருந்து பூசி உண்ணி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் வரை கடி இருக்கலாம். அதற்காக மருந்தைத் திரும்பத் திரும்பப் பூசித் தோலைப் புண்ணாக்க வேண்டாம். வயலுக்கு அடிக்கும் பூச்சிநாசினியையோ மண்ணெண்ணெயையோ உடம்பில் பூசுவது உயிராபத்தானது. ஒருபோதும் செய்ய வேண்டாம்.

சூரை மீனும் ஐஸும்

மத்தியானம் சூரை மீன் கறி. சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடத்து, உடம்பு முழுவதும் தடிக்கிறது. சிலருக்கு வயிற்றோட்டமும் வருகிறது. வீட்டில் ஒருவருக்கு மட்டுமல்ல, அந்தக் கறியைச் சாப்பிட்ட மூன்று நான்கு பேருக்கும் இப்படி. இது ஒவ்வாமை அல்ல, மீன் நஞ்சானது.

சூரை, கெளவல்லா, கும்பிளா போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். மீன் பிடிபட்ட பின் சூட்டில் கிடந்தால், கிருமிகள் அதனை ஹிஸ்ரமினாக மாற்றிவிடுகின்றன. எமது தோலின் கலங்கள் கொட்டும் அதே ஹிஸ்ரமின்தான். அது மீனோடு சேர்ந்து வெளியிலிருந்தே வயிற்றுக்குள் போகிறது. ஒரு முறை உருவான ஹிஸ்ரமினைக் கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், உப்பிட்டுக் கருவாடாக்கினாலும் அழிக்க முடியாது. மீன் பார்வைக்கும் மணத்துக்கும் நல்லதாகவே இருக்கலாம். சில வேளை நாக்கில் மிளகு போல் சுள்ளென்ற உறைப்பு தெரியும். அப்படித் தெரிந்தால் அந்தக் கறியை ஊற்றிவிடுங்கள்.

காலையில் கரைவலையில் வந்து உடனே விற்கப்படும் சிறு மீனைவிட, பல நாள் ஆழ்கடலில் நின்று வரும் படகுகளின் பெரிய மீனில்தான் இந்த ஆபத்து அதிகம். ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்து விற்கும் சூரையை மலிவு என்று வாங்க வேண்டாம். வாங்கியதை உடனே வெட்டிக் கழுவிச் சமையுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் பச்சை மீனைப் பின்னேரம் வரை வைத்திருக்க வேண்டாம். திறந்த மீன் ரின்னையும் அப்படியே வைக்க வேண்டாம்.

இந்த நஞ்சு பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். ஆயினும் மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இப்படி ஒரு முறை நேர்ந்ததற்காக வாழ்நாள் முழுவதும் மீனை விலக்கத் தேவையில்லை. பழுதில்லாத மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

நினைவில் வைக்க ஒரு கணக்கு உண்டு. சாப்பிட்ட பலருக்கும் ஒன்றாகத் தடித்தால் குற்றம் மீனில். ஒருவருக்கு மட்டும், ஒவ்வொரு முறை சாப்பிடும்போதும் தடித்தால், அவருக்கு அந்த உணவு ஒவ்வாது. உண்மையான உணவு ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்கள் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தெரியும். அதே உணவைத் திரும்பச் சாப்பிட்டால் திரும்பவும் வரும். இன்று இறால் சாப்பிட்டுத் தடித்து, அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் சாப்பிட்டு ஒன்றும் வராவிட்டால் இறாலைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தடிப்போடு மூச்சும் முட்டியிருந்தால் “திரும்பச் சாப்பிட்டுப் பார்ப்போம்” என்று சோதிக்க வேண்டாம். அதனை வைத்தியரிடம் விட்டுவிடுங்கள்.

வயலிலும் வேலைத்தலத்திலும்

விவசாயிகளின் தோலைத் தாக்குபவை வேறும் உண்டு. மயிர்க்கொட்டியின் மயிரும், காஞ்சோன்றி, பூனைக்காலிச் சுணையும் பட்டால் உடனே கடிக்கும். தேய்க்காமல், ஒட்டும் நாடாவை வைத்து இழுத்துச் சுணையை எடுத்துவிட்டுச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

நெல் வயல்களில் எறும்பு போன்ற, கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த ஒரு சிறு வண்டு உண்டு. இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வீட்டுக்குள் வரும். அது கடிப்பதில்லை. ஆனால் உடம்பில் இருக்கும்போது நசித்தால் அதன் நீர் தோலைச் சுட்டுவிடும். ஒரு நாள் கழித்தே சூடு வைத்தது போன்ற கோடும் கொப்புளமும் தெரியும். இதனை ஊதித் தள்ளுங்கள், நசிக்க வேண்டாம். பட்ட இடத்தைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள்.

வயலை விட்டு மேசன் வேலைக்குப் போன சகோதரர்களுக்குச் சீமெந்தே எதிரியாகலாம். சீமெந்திலுள்ள குரோமியம் என்ற பொருளுக்குச் சிலருடைய தோல் நாளடைவில் ஒவ்வாமை கொள்கிறது. கையும் காலும் வெடித்து, தடித்து, நீர் வடியும். இது தடிப்பைப் போல மறையாது. பட்ட இடத்திலேயே நிற்கும். ஈரச் சீமெந்தை வெறுங்கையால் குழைக்காமல் இறப்பர் கையுறை அணிவதும், வேலை முடிந்தவுடன் கழுவித் தேங்காய் எண்ணெய் பூசுவதும் நல்லது. பூச்சிநாசினி அடிப்பவர்கள் நீளக்கைச் சட்டை அணிந்து, காற்று வீசும் திசைக்கு எதிராக அடிக்காமல், வீட்டுக்கு வந்ததும் குளித்து அந்த உடுப்பைப் புறம்பாகத் தோய்க்க வேண்டும்.

பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் கையில் இடும் “கறுப்பு மருதாணி” பற்றியும் சொல்ல வேண்டும். மருதாணி இலையின் நிறம் செம்மஞ்சள். உடனே கறுப்பாகப் பிடிப்பதில் பெரும்பாலும் தலைமயிர்ச் சாயப் பொருள் கலந்திருக்கும். அது கொப்புளம் போட்டு நாட்கணக்கில் வருத்தும். அதன் பிறகு தலைச் சாயமும் அவருக்கு ஆகாது போகலாம். வீட்டில் அரைத்த மருதாணியே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு.

வீட்டில் என்ன செய்யலாம்?

சாதாரண தடிப்புக்கு ஈரத் துணி ஒற்றுவது, தளர்ந்த பருத்தி உடுப்பு அணிவது, நகத்தை ஒட்ட வெட்டுவது, சுடுநீரில் குளிக்காமல் இருப்பது ஆகியவை போதும். குளிரால் தடிப்பவர்கள் குளிர்நீரைத் தவிர்க்க வேண்டும். கலமைன் பூசினால் கடி சற்றுத் தணியும்.

மருந்து தேவைப்பட்டால் ஹிஸ்ரமினைத் தடுக்கும் குளிசைகள் உள்ளன. இவ்வகை மருந்துகளுக்கு வழிதிறந்த டானியல் பொவே என்ற விஞ்ஞானிக்கு 1957இல் நோபல் பரிசு கிடைத்தது. எமது பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த பிரிட்டோன், அதாவது குளோர்பெனிரமின், நன்கு வேலை செய்யும். ஆனால் தூக்கத்தைத் தரும். அதனைக் குடித்துவிட்டு உழவு இயந்திரமோ மோட்டார் சைக்கிளோ ஓட்டக் கூடாது. செற்றிரிசின், லொராற்றடின் ஆகியவை தூக்கத்தைக் குறைவாகத் தருபவை. வளர்ந்தவர்களுக்கு நாளுக்கு 10 மில்லிகிராம் குளிசை ஒன்று. பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், சிறுநீரக நோயுள்ளவர்களுக்கும் வைத்தியரைக் கேட்டே கொடுக்க வேண்டும்.

அஸ்பிரின், இபுபுறொபன், டைக்குளோபெனக் போன்ற நோக் குளிசைகள் சிலருக்குத் தடிப்பைத் தூண்டும். தடிப்பு உள்ள நாட்களில் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

கடையில் கடதாசிப் பொட்டலத்தில் சுற்றித் தரும் பெயரில்லாக் குளிசைகளில் எச்சரிக்கை தேவை. அதில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரோயிட் மருந்து இருக்கலாம். இரண்டே நாளில் சொறிச்சல் பறந்துவிடுவதால் எமது மக்கள் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள். வைத்தியர் சில நாட்களுக்கு அளவோடு தருவது வேறு. மாதக்கணக்கில் தானாகக் குடித்தால் முகம் ஊதும், சீனி கூடும், இரத்த அழுத்தம் ஏறும், எலும்பு தேயும், கிருமித் தொற்று பெருகும். எந்த மருந்தானாலும் அதன் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இதற்கு மட்டும் தாமதிக்க வேண்டாம்

குளவி கொட்டியோ, ஊசி போட்டோ, மருந்து குடித்தோ, உணவு உண்டோ சில நிமிடங்களில் பின்வருவன தோன்றினால் அது உயிராபத்து:

1. தொண்டை அடைப்பது, குரல் மாறுவது, நாக்கு வீங்குவது.
2. மூச்சு இழுப்பது, நெஞ்சு இறுகுவது.
3. தலை சுற்றி மயங்குவது, உடம்பு குளிர்ந்து வெளிறுவது.
4. தடிப்போடு சேர்ந்து திரும்பத் திரும்ப வாந்தி, கடும் வயிற்று வலி.

சிலருக்குத் தடிப்பே இல்லாமலும் இது வரும். இதற்கான மருந்து ஒன்றே: தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. பிரிட்டோன் இதற்கு ஈடாகாது. ஆளை நிற்க வைக்காமலும் நடக்க விடாமலும் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் காலை நீட்டி இருக்க விடலாம். கர்ப்பிணியை இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பெரிய வைத்தியசாலைதான் வேண்டும் என்று நேரத்தைப் போக்காமல், மிக அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்கே முதலில் கொண்டு செல்லுங்கள். கல்முனையில் வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் இருக்கின்றன. ஊசி போட்டுச் சுகமானதும் வீட்டுக்கு ஓடி வரக் கூடாது. சில மணி நேரத்துக்குப் பின் இரண்டாம் தடவை வரக்கூடும் என்பதால் வைத்தியர் சொல்லும் வரை அங்கேயே தங்க வேண்டும்.

ஒரு சிறிய தாள்

பெனிசிலின், அமொக்சிசிலின் போன்ற மருந்து ஒவ்வாதவர்களுக்கு அந்தத் தகவல் கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருக்கும். இடம்பெயரும்போது முதலில் தொலைவதும் அந்தக் கொப்பிதான். புதிய ஊரின் வைத்தியருக்கு உங்களைத் தெரியாது. “என்னமோ ஒரு ஊசி எனக்கு ஆகாது” என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

எனவே வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு சிறிய தாளில் நான்கு விடயங்களை எழுதுங்கள்: ஒவ்வாத மருந்தின் அல்லது உணவின் பெயர்; அது வந்த ஆண்டு; அப்போது தடிப்பு மட்டுமா, மூச்சும் முட்டியதா என்பது; சிகிச்சை பெற்ற வைத்தியசாலை. எழுதத் தெரியாதவர்கள் பாடசாலைப் பிள்ளையிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ சொல்லி எழுதுவிக்கலாம். அதனைப் பொலித்தீன் உறையிலிட்டு அடையாள அட்டையோடும் பிறப்புச் சான்றிதழோடும் வையுங்கள். மழை பிடித்து வெள்ளம் ஏறினாலும், அவசரமாக எழும்பி ஓட நேர்ந்தாலும், கையில் எடுக்கும் அந்தப் பையிலேயே இதுவும் இருக்கட்டும்.

ஒன்றும் ஒவ்வாதது என்று உறுதியாகாத பிள்ளைக்கு மீனும் முட்டையும் கொடுங்கள். பிள்ளையின் தோலுக்கும் அந்தச் சத்து வேண்டும்.